மிளகாயில் முரணையா? மருந்துக்கு முன் ஒரு படம் எடுங்கள்

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பது நம் வழக்கம். ஆனால், மிளகாய்ச் செடியின் கொழுந்தில் உண்டாகும் புண்ணுக்குக் கட்டாயம் கண்ணாடி வேண்டும். அதுவும் பூதக்கண்ணாடி வேண்டும். ஏனெனில், அந்தப் புண்ணை உண்டாக்கும் உயிரினம் வெறும் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியை நோக்கி மருந்தடிப்பது இருட்டில் கம்பு சுற்றுவதற்குச் சமம்.

இன்று பெரும்பாலான விவசாயிகளின் சட்டைப் பையில் படம் பிடிக்கும் கைப்பேசி இருக்கிறது. அதை ஒரு லென்சுடனோ, மைக்ராஸ்கோப்புடனோ சேர்த்து, நுண்ணிய பூச்சிகளையும் சிலந்திகளையும் எவ்வாறு தெளிவாகப் படம் எடுக்கலாம், அந்தப் படத்தால் மருந்துச் செலவை எவ்வாறு குறைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். ஒன்றரை ஏக்கரில் மானாவாரியாக முண்டு மிளகாய் போட்டிருந்தார். “இலை எல்லாம் சுருளுது சார், என்ன மருந்து அடிக்கிறது?” என்று கேட்டார். படம் மங்கலாக இருந்தது. இலை சுருண்டிருப்பது தெரிந்ததே தவிர, மேல்நோக்கிச் சுருண்டதா, கீழ்நோக்கிச் சுருண்டதா என்பது தெரியவில்லை. அந்தச் சமயம் சுற்று வட்டாரத்தில் இலைப்பேன் தாக்குதல் இருந்ததால், இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, இலைப்பேனுக்கான மருந்தைச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மீண்டும் கூப்பிட்டார். செடி தேறவில்லை; முன்னைவிட மோசமாகிவிட்டது என்றார். மறுநாள் பையில் ஒரு சிறிய மைக்ராஸ்கோப்புடன் அவருடைய காட்டுக்குப் போனேன். கொழுந்து இலையைத் திருப்பி வைத்துப் பார்த்ததும் என் தவறு எனக்கே விளங்கிற்று. அங்கே இலைப்பேன் இல்லை. மஞ்சள் முரணைச் சிலந்தி நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சொன்ன மருந்து பூச்சிக்கான மருந்து. சிலந்தியோ பூச்சி இனமே அல்ல. மருந்துக்கும் ஆள் கூலிக்கும் அவர் கொடுத்த பணம் வீணாயிற்று. முதல் பூ உதிர்ந்துபோயிற்று. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க இதுல பார்க்கிறதை நானும் ஒரு தடவை பார்க்கலாமா சார்?” என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இதை அன்னைக்கே பார்த்திருந்தா அந்த மருந்தை அடிச்சிருக்க மாட்டோமே” என்றார்.

அன்றே அவருடைய கைப்பேசியை மைக்ராஸ்கோப்பின் மேல் வைத்துப் படம் பிடித்துப் பார்த்தோம். முதல் படம் முழுக் கறுப்பு. ஐந்தாவது படத்தில் சிலந்தியின் கால்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு, படம் பார்க்காமல் மிளகாய் முரணைக்கு நான் மருந்து சொல்வதில்லை.

மூன்று எதிரிகள், ஒரே தோற்றம்

மிளகாயில் இலை சுருளுவதை விவசாயிகள் பொதுவாக முரணை என்கிறார்கள். ஆனால் இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, இலைப்பேன். இது தாக்கினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆகும். இலைப்பேன் ஏறத்தாழ 1 மில்லி மீட்டர் நீளம் உள்ளது. கால்கள் ஆறு. இறக்கையின் ஓரத்தில் மயிர்க்கற்றை இருப்பதால், உருப்பெருக்கிப் பார்த்தால் பறவையின் இறகுபோல் தோன்றும்.

இரண்டாவது, மஞ்சள் முரணைச் சிலந்தி. இது தாக்கினால் இலை ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு கவிழ்த்த படகுபோல் ஆகும். இலைக்காம்பு நீண்டுவிடும், இலை குறுகித் தடித்து, தொட்டால் நொறுங்கும். இந்தச் சிலந்தி ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்த சிலந்திக்குக் கால்கள் எட்டு. கொழுந்து இலையின் அடிப்புறத்தில் வாழும். இதன் முட்டையில் வெள்ளை நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகக் காணப்படும். முட்டையை மட்டும் பார்த்தாலே இச்சிலந்தியை அடையாளம் சொல்லிவிடலாம். கோடையில் ஒரு வாரத்திற்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், ஒரு வாரம் தாமதித்தாலும் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடி விட்டுச் செடி போவதும் உண்டு.

மூன்றாவது, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோய். இதில் இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகிவிடும். நச்சுயிரியைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே முடியாது. எனவே, பல கொழுந்துகளைப் பார்த்தும் இலைப்பேனோ சிலந்தியோ இல்லையென்றால், நச்சுயிரியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது எந்த மருந்தும் அந்தச் செடியைக் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி.

இவற்றோடு 2021ம் ஆண்டு முதல் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பூக்களில் ஒரு வகைக் கருப்பு இலைப்பேன் பெருமளவில் பரவிப் பூ உதிர்ந்து, பெரும் சேதம் ஏற்பட்டது. இது வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. நம் நாட்டில் முதலில் 2015ல் பெங்களூருப் பகுதியில் பப்பாளியில் காணப்பட்டது. வழக்கமான மிளகாய் இலைப்பேன் வெளிர் மஞ்சளாக இருக்கும். கொழுந்து இலையில் வாழும். புதிய இலைப்பேனின் பெண் பூச்சி கரும்பழுப்பாக இருக்கும்; பூவுக்குள் கூட்டமாக ஒளிந்திருக்கும். ஒரு நல்ல படம் இந்த வேறுபாட்டை உடனே காட்டிக்கொடுக்கும்.

லென்சு போதுமா, மைக்ராஸ்கோப் வேண்டுமா?

இலைப்பேன், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி ஆகியவற்றுக்கு 10 மடங்கு பெருக்கும் கைலென்சே போதும். நகைத் தொழில் செய்வோர் கண்ணில் பொருத்திப் பார்க்கும் லென்சும் இதற்கு ஏற்றது. லென்சைக் கைப்பேசியின் காமிராவோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, இலையை லென்சிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குல தூரத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியை மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் உருவம் தெளிவாகத் தெரியும்.

முரணைச் சிலந்திக்கு 40 மடங்காவது வேண்டும். இதற்கென்று மைக்ராஸ்கோப் வாங்க வேண்டியதில்லை. பல உயர்நிலைப் பள்ளிகளின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானி தம் குழுவினருடன் உருவாக்கி 2014ல் வெளியிட்ட ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்னும் காகித மைக்ராஸ்கோப்பும் இருக்கிறது. காகிதத்தை மடித்துச் செய்வது. ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கும். காந்தத்தால் கைப்பேசியில் ஒட்டிக்கொள்ளும்.

லென்சு ஒன்றை வைத்தே பெரிய காரியம் செய்யலாம் என்பதற்குச் சரித்திரத்தில் சான்று உண்டு. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். பித்தளைத் தகட்டில் பதித்த ஒற்றை லென்சால் நீர்த்துளியில் உள்ள நுண்ணுயிர்களைக் கண்டு, 1673 முதல் தாம் கண்டவற்றை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்களாக எழுதி வந்தார். அவருக்கு நன்றாக வரைய வராது. எனவே ஓவியரைக் கூலிக்கு அமர்த்தி, தாம் கண்டதை வரையச் செய்து அனுப்பினார். தான் கண்டதைப் பிறர் நம்ப வேண்டுமானால் படம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நமக்கு ஓவியர் தேவையில்லை, கைப்பேசி இருக்கிறது.

கைப்பேசியை எங்கே வைப்பது?

மைக்ராஸ்கோப்பின் மேலே நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்சுக்குக் கண்ணருகு லென்சு என்றும், கீழே இலைக்கு அருகில் உள்ளதற்குப் பொருளருகு லென்சு என்றும் பெயர். நம் கண் எந்த இடத்தில் இருக்குமோ, அதே இடத்தில் கைப்பேசியின் காமிராக் கண் இருக்க வேண்டும். இதுதான் முழு இரகசியமும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய முறை உண்டு. விளக்கைப் போட்டு, கண்ணருகு லென்சின் மேல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளில் ஒளி வட்டம் தெரியும். தாளை மேலும் கீழும் நகர்த்துங்கள். எந்த உயரத்தில் வட்டம் மிகச் சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் காமிராக் கண் நிற்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டையோ, நடுவில் துளையிட்ட பாட்டில் மூடியையோ கண்ணருகு லென்சின் மேல் பொருத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. கைப்பேசியை அதன்மேல் வைத்தால் போதும். இடம் சற்று விலகினாலும் படம் கறுப்பாகிவிடும். முதல் சில முயற்சிகளில் கறுப்பு வருவது இயல்பு, சோர்ந்துவிட வேண்டாம்.

கைப்பேசியின் பின்புறம் இரண்டு மூன்று காமிராக் கண்கள் இருந்தால், பிரதானக் கண்ணையே பயன்படுத்த வேண்டும். சில கைப்பேசிகள் பொருள் அருகில் வந்தால் தாமாகவே வேறு கண்ணுக்கு மாறிவிடும். அவ்வாறு மாறாதபடி அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஃபிளாஷ் விளக்கு கூடாது.

இலையைத் தயார் செய்வது

கொழுந்தாக உள்ள, பாதி சுருண்ட இலையைப் பறிக்க வேண்டும். முழுதும் காய்ந்து சுருண்ட இலையில் எதிரி இருக்காது. நல்ல இலை தேடிப் போயிருக்கும். பறித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்தால் வாடிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, நிழலில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இலையில் அரை அங்குலத் துண்டு நறுக்கி, அடிப்புறம் மேலே வருமாறு கண்ணாடித் தகட்டில் வையுங்கள். இலை தடிப்பானது, ஒளி கீழிருந்து ஊடுருவாது. எனவே பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் விளக்கைக் காட்ட வேண்டும். விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளைக் கட்டினால் வெளிச்சம் பரவலாக விழும், பளபளப்பு குறையும். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் பார்வை பாதிக்கப்படும்.

முதலில் 4 என்று குறித்த பொருளருகு லென்சையும், பிறகு 10 என்று குறித்ததையும் பயன்படுத்துங்கள். கண்ணருகு லென்சு 10 ஆனால், முறையே 40 மடங்கும் 100 மடங்கும் கிடைக்கும். 40 என்று குறித்த பொருளருகு லென்சு இலைத் துண்டுக்குப் பயன்படாது. இலையில் முட்டி அழுக்காகிவிடும்.

சிலந்தி ஓடிக்கொண்டே இருந்தால், இலை உள்ள பையைக் குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. செல்லோடேப்பை இலையின் அடிப்புறத்தில் மெதுவாக ஒட்டி எடுத்தால், சிலந்தியும் முட்டையும் ஒட்டிக்கொண்டு வரும். டேப்பைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கீழிருந்து ஒளி காட்டிப் படம் எடுக்கலாம். காகித மைக்ராஸ்கோப்புக்கு இந்த முறையே ஏற்றது.

பூவில் உள்ள இலைப்பேனுக்கு, வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால் போதும். கருப்பு இலைப்பேன் வெள்ளைத் தாளில் நன்றாகத் தெரியும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற வெண்ணிறப் பூச்சிகளுக்குக் கறுப்புத் தாள் வேண்டும்.

தெளிவான படத்துக்கு

கைப்பேசித் திரையில் சிலந்தியின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், குவியம் அங்கேயே நிலைத்துவிடும். வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போனால், திரையில் விரலைக் கீழ்நோக்கி இழுத்துக் குறைக்கலாம். படம் எடுக்கும் பொத்தானைத் தொட்டால் கைப்பேசி ஆடும். எனவே மூன்று விநாடி கழித்துத் தானாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பெருக்கம் கூடக் கூட, சிலந்தியின் முதுகு தெளிவாகத் தெரியும்போது கால் மங்கும். கால் தெரியும்போது முதுகு மங்கும். எனவே மைக்ராஸ்கோப்பின் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, ஆறு ஏழு படங்கள் எடுக்க வேண்டும். ஊர்ந்து போவதைச் சிறு வீடியோவாக எடுத்தாலும் நல்லது. நடையைக் கொண்டும் சிலந்தியை அடையாளம் காணலாம்.

கடைசியாக, எதையும் மாற்றாமல், இலையை எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் மில்லி மீட்டர்க் கோடுகளை அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். இந்த ஒரு படம் இல்லையென்றால், பார்ப்பவருக்கு அளவு தெரியாது. அளவு தெரியாவிட்டால் இலைப்பேன் குஞ்சையும் சிலந்தியையும் குழப்பிக்கொள்ள நேரும்.

எப்படி அனுப்புவது?

நுண்ணிய படம் மட்டும் போதாது. நான்கு படங்கள் சேர்ந்தே போக வேண்டும்: வயலின் ஒரு பகுதி, முழுச் செடி, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், மைக்ராஸ்கோப் படம், ஸ்கேல் படத்துடன். பயிரின் ரகம், வயது, கடைசியாக அடித்த மருந்தின் பெயர், அடித்த தேதி ஆகியவற்றையும் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். ‘டாகுமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

படத்தை வட்டார வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலருக்கோ, வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பலாம். இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை பெரும்பாலும் இலையின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்பவை. அடிப்புறத்தில் ஒளிந்திருப்பது இன்னது என்பதை உறுதி செய்ய, கொழுந்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஈடு வேறில்லை.

படம் சொன்ன பிறகு

இலைப்பேன் என்று தெரிந்தால் அதற்குச் சிபாரிசு செய்யப்பட்ட பூச்சிக்கொல்லி. சிலந்தி என்று தெரிந்தால் சிலந்திக்கொல்லி. இரண்டும் வெவ்வேறு. தாக்குதலின் தொடக்கமாக இருந்தால், 5 சத வேப்பங்கொட்டைச் சாறு இரண்டுக்கும் நல்லது. 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். சிலந்திக்கு நனையும் கந்தகத்தூளும் பயன்படும். அளவு டப்பாவின் சீட்டில் உள்ளபடி. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடிக்கடி தெளித்தால் முரணைச் சிலந்தி குறையாது, கூடும். காரணம், அதைத் தின்று வாழும் நன்மை செய்யும் சிலந்தி முதலில் செத்துவிடுகிறது. அந்த நண்பனையும் உங்கள் படத்தில் காணலாம். முரணைச் சிலந்தியைவிடச் சற்றுப் பெரிதாக, பளபளப்பாக, பேரிக்காய் வடிவில், வேகமாக ஓடும். பகைவன் சிலவும் நண்பன் பலவும் தென்பட்டால், அன்றைக்கு மருந்தடிக்காமல் மூன்று நாள் கழித்து மீண்டும் பார்ப்பதே சிக்கனம்.

முதுகுளத்தூர் நண்பர் இப்போது ஒரு கைலென்சு வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் கொழுந்து பறித்துப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆசிரியரின் அனுமதியோடு மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து அனுப்புகிறார். அவர் மகள்தான் கைப்பேசியைப் பிடிக்கிறாள். அவளுடைய கை ஆடுவதில்லை. எல்லா ஆண்டும் அவருக்கு நல்ல விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். மானாவாரியில் மழைதான் எசமான். ஆனால், எது என்று தெரியாமல் அவர் மருந்தடிப்பது நின்றுவிட்டது.

எனவே, மிளகாய் பயிரிட்டுள்ள விவசாயப் பெருமக்கள் இலை சுருளத் தொடங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடாமல், முதலில் கொழுந்தைத் திருப்பி ஒரு படம் எடுக்க வேண்டும். எட்டுக் காலா, ஆறு காலா என்று எண்ணிப் பார்த்த பிறகு மருந்துக்குப் பணத்தை எடுத்தால் போதும்.